பத்தைத் தாண்டிப் போன எண்

பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த அந்தக் கோடையில், கரண்டு போய்த் தொலையட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட ஒரே பிறவி மானாம்பதி சுற்றுவட்டாரத்திலேயே நானாகத்தான் இருப்பேன். ஊரே எப்போது கரண்டு வரும் என்று ஏங்கிக்கொண்டிருந்தது. கழனியில் நெல் பால் பிடிக்கிற நேரம். கிணற்றில் ஊறியிருக்கிற கொஞ்ச நஞ்சத் தண்ணீரையாவது இறைத்துப் பாய்ச்ச வேண்டுமே என்று நைனாவுக்குக் கவலை. எனக்கோ, உத்திரமேரூரில் பூட்டிய அறைக்குள் நான் ஓடவிட்டுவிட்டு வந்த கம்ப்யூட்டரைப் பற்றிக் கவலை.

கம்ப்யூட்டர் வகுப்புக்கு நான் போனதே பெரிய பஞ்சாயத்துக்குப் பிறகுதான். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வந்து உட்கார்ந்து எனக்காக மணிக்கணக்காகப் பேசினார். நைனா பல் குத்திக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள்.

"இவ போவட்டும். ஆனா அந்த மெஷின ஒடச்சிட்டா, கெடுத்துட்டான்னு ஒரு பேச்சு என் காதுல வுயுந்திச்சி, அன்னியோட எல்லாத்தையும் நிறுத்திடுவேன். அப்பறம் லெவன்த்துமில்ல, ஒண்ணுமில்ல."

அம்மா சொன்னால் சொன்னதுதான். அப்பீல் எல்லாம் கிடையாது.

உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்தது அந்த சென்டர். செருப்பைப் படிக்கட்டின் கீழேயே விட்டுவிட வேண்டும். உள்ளே சாமி படத்துக்கு முன்னால் ஒரு சிவப்புப் பல்பு எரியும். அது அணையவே கூடாது என்பது முதலாளியின் கட்டளை. அதனால் பூட்டிக்கொண்டு போகும்போதுகூட மெயின் சுவிட்சை நிறுத்த மாட்டார்கள். நாங்கள் கம்ப்யூட்டருக்கு உறை போட்டு மூடி, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்புவோம். சொல்லிக் கொடுத்த மிஸ் அப்போதுதான் காலேஜ் முடித்தவர்.

அந்தச் சனிக்கிழமை மிஸ் லூப் சொல்லிக் கொடுத்தார். "ஒரே வேலைய அது திரும்பத் திரும்ப செய்யும். எப்ப நிறுத்தணும்னு நீதான் சொல்லி வைக்கணும். இல்லன்னா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், சரியா?"

நான் பலமாகத் தலையாட்டினேன். ஒன்றில் ஆரம்பி, திரையில் காட்டு, ஒன்றைக் கூட்டு, பத்து வந்தால் நில். அவ்வளவுதான் புரோகிராம். ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக இறங்கி வந்து, பத்து வந்ததும் சமர்த்தாக நின்றது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சும்மா இருந்திருக்கலாம். மிஸ் கீழே ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரத்தில், ஒற்றைப்படை எண்களை மட்டும் வரவழைத்து அவரை அசத்துகிறேன் பேர்வழி என்று, ஒன்றைக் கூட்டு என்பதை இரண்டைக் கூட்டு என்று மாற்றினேன். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது வந்தன. அடுத்துப் பதினொன்று வந்தது. அப்புறம் கண்ணால் படிக்க முடியாத வேகத்தில் எண்கள் ஓட ஆரம்பித்தன. எதை அமுக்கினாலும் நிற்கவில்லை. கீழே டவுன் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். அதை விட்டால் ஊருக்கு வேறு பஸ் கிடையாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரையின் ஓரத்தில் இருந்த பட்டனை அமுக்கினேன். திரை இருண்டது. அப்பாடா என்று உறையை எடுத்துப் போர்த்தும்போதுதான் பார்த்தேன், பக்கத்தில் இருந்த சி.பி.யு. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உர்ரென்ற சத்தமும் அப்படியே இருந்தது. பெட்டியைத் திடுதிப்பென்று அணைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று முதல் நாளே மிரட்டி வைத்திருந்தார்கள்.

அதற்குள் மேலேறி வந்துவிட்டவரிடம், "மிஸ், இது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"மூடிட்டியா? ஓடு ஓடு, பஸ்ஸு கிளம்புது" என்று மிஸ் என்னைத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பிப் பூட்டினார்.

மறுநாள் ஞாயிறு, வகுப்பு கிடையாது. அம்மாவும் மாமாவும் சாலவாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். நானும் நைனாவும் கழனி மோட்டார் கொட்டகையில் இருந்தோம். கிணறு வற்றுகிற சமயம் பார்த்து மோட்டாரை நிறுத்த ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். போன வருஷம் நைனா கொஞ்சம் கண் அசந்துவிட்டார். தண்ணீரில்லாமல் வெறுமனே ஓடி மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருள் கருகிவிட்டது. அந்த நாற்றம் என் மூக்கை விட்டுப் போகவே இல்லை. இப்போது சென்டர் ஜன்னலிலிருந்து அதே நாற்றம் வருவது போலவும், கடைத்தெருவே கூடி நின்று பார்ப்பது போலவும் தோன்றிக்கொண்டே இருந்தது. நிறுத்த ஆளில்லாமல் ஓடுகிற மெஷின் கருகாமல் என்ன செய்யும்? கருகினால் அம்மா காதுக்குப் போகும். போனால் என் படிப்பு அம்போ. மாரியம்மா, கரண்டைப் பிடுங்கிவிடு, உனக்குக் கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டினேன்.

கரண்டு போயிற்று! எந்தச் சாமியும் அதற்கு முன் என் பேச்சை இவ்வளவு சுருக்காகக் கேட்டதில்லை.

"இன்னாடா இது பேஜாரா கீது! இப்பத்தான் மட வரிக்கும் தண்ணி வந்துது, அதுக்குள்ள புடுங்கிட்டானுவ" என்று நைனா கத்தினார்.

நான் மெல்லக் கேட்டேன். "நைனா, உத்திரமேரூர்லயும் போயிருக்குமா?"

"அங்க போனா இன்னா, போவாட்டி இன்னா? நம்ம கயினி அங்கியா கீது? அது வேற லைனு. அங்கல்லாம் போவாது."

அவ்வளவுதான், பொத்துக்கொண்டு வந்துவிட்டது அழுகை. விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். லூப், ஒற்றைப்படை எல்லாம் அவருக்கு விளங்கியிருக்காது. ஒன்றே ஒன்று மட்டும் விளங்கியது.

"நேத்துலேர்ந்து ஓடிக்கினு கீதா? பக்கத்துல ஆளில்லாம?"

தலையாட்டினேன். அடுத்த நிமிஷம் மொபெட்டை மிதித்துக்கொண்டிருந்தார்.

"கரண்டு வந்துட்டா, நைனா?"

"வந்தா வரட்டும். ஆளில்லாம ஒரு மெஷினு ஓடுதுன்னு தெரிஞ்சிக்கினு இங்க குந்திக்கினு இருக்க சொல்றியா? ஏறு வண்டில."

மிஸ் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தோம். ஈரத் தலையில் துண்டோடு சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நைனா செருப்பைக் கீழே விட்டு, படியேறி, தோள் துண்டால் காலில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். சிவப்புப் பல்பு எரிந்தது. பெட்டியில் பச்சை விளக்கும் எரிந்தது. மிஸ் உறையை எடுத்துத் திரையின் பட்டனைப் போட்டபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அட, இது நின்னு எவ்ளோ நேரம் ஆச்சோ!" என்று சிரித்தார் மிஸ்.

புரோகிராமில் நான் வைத்திருந்த மாதிரி எண் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் போக முடியாதாம். அங்கே போய் முட்டிக்கொண்டு, பிழை என்று ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டுத் தானாகவே நின்றிருக்கிறது. நேற்று நான் வீடு போய்ச் சேர்வதற்குள்ளேயே நின்றிருக்கும் என்றார். "ரெண்டு ரெண்டா தாவினா பத்து எப்படி வரும்? ஒன்பதுலேர்ந்து நேரா பதினொண்ணுக்குப் போயிடுச்சு. நீ சொன்ன பத்து அதுக்கு வரவே இல்ல. பத்தத் தாண்டினா நில்லுன்னு சொல்லியிருக்கணும்." இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கினால் எந்த ஓட்டமும் நின்றுவிடும் என்பதையும் அப்போதுதான் காட்டினார்.

நைனா குனிந்து, மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பது போலவே புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடு இல்ல" என்றார் என்னிடம். பிறகு, "கெட்டுப் போவலியே மிஸ்ஸு?"

"ஒண்ணும் ஆகலண்ணா."

"அப்ப நாளிக்கி இவ வரலாமில்ல?"

"தாராளமா வரட்டும்."

நாங்கள் திரும்பியபோது வரப்பின்மேல் அம்மா கல்யாணப் பட்டுப்புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் இல்லாத நேரத்தில் கரண்டு வந்து, இருந்து, போயும் விட்டிருந்தது. அக்கம்பக்கத்துக் கழனியெல்லாம் நனைந்திருக்க, மோட்டாரைப் போட ஆளில்லாமல் எங்களுடையது மட்டும் காய்ந்து கிடந்தது.

"மோட்டார வுட்டுட்டு எங்கய்யா பூட்ட நீ?"

நைனா என் பக்கம் திரும்பவே இல்லை.

"வண்டி பஞ்சரு" என்றார்.

அம்மா பிடித்துக்கொண்டாள். பொழுது சாயும்வரை நைனா வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் தப்பித்தேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அதற்கப்புறம் பல நாள் மோட்டார் ஓடுகிற கரண்டு எங்கள் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. அறுவடை முடிந்து களத்தில் தூற்றியபோது பாதி பதராகப் பறந்தது. நைனா களத்தின் நடுவில் நின்று, கரண்டு ஆபீஸ்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். அம்மாவும் திட்டினாள். லெவன்த்தில் கம்ப்யூட்டர் குரூப் கிடைத்துவிட்ட பெருமையில் நானும் சேர்ந்து திட்டினேன். அவர் திட்டிய வேகத்தில், கழனி காய்ந்ததற்கு என் அழுகைதான் காரணம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. உறைக்கக் கூடாது என்றுதான் அவ்வளவு சத்தமாகத் திட்டினாரோ என்னவோ.