மாதிரி வகுப்புக்கு வந்த பிள்ளை

போன வாரம் மருமகள் கோடைப் பயிற்சி முடிந்து வந்தாள். அவளும் என்னைப் போல வாத்தியாரம்மாதான். குன்றத்தூரிலிருந்து ஏசி பஸ்ஸில் கூட்டிப்போய், ஒரகடம் பக்கம் ஏதோ ஓட்டல் கூடத்தில் நடத்தினார்களாம். பையில் ஒரு பேனா, ஒரு நோட்டு, ஒரு டப்பா ஸ்கெட்ச் பேனா. பேத்தி டப்பாவைப் பிரித்து ஒரு மூடியைக் கழற்றினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வாய் கசந்துவிட்டது. பழைய வாசனை வந்தால் மனசு பூரிக்கும் என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அது ஆகாது.

தொண்ணூற்றொன்று மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலையில் இருந்தேன் என்று யாரிடம் சொன்னாலும், குண்டு வெடித்த அந்த ராத்திரி எங்கே இருந்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். நாடே அறிந்ததைப் பற்றிச் சொல்ல என்னிடம் தனியாக ஒன்றும் இல்லை. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். அப்போது நடந்துகொண்டிருந்த எங்கள் ஆசிரியர் பயிற்சி நடுவில் நின்று, கடைசி அணி ஜூனுக்குத் தள்ளிப்போனது. அந்தச் சம்பவம் எங்களைத் தொட்டது அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன்.

அப்போது ஒரகடத்தில் கம்பெனியும் இல்லை, ஷிஃப்டும் இல்லை. ஏரி, நெல் வயல், செங்கல் சூளை. படப்பை சாலையில் நான் வேலை பார்த்த பள்ளியில்தான் பயிற்சி நடந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் புது முறை. சுற்றுவட்டார ஆசிரியர்களை அணி அணியாகப் பிரித்து வரச்சொல்லியிருந்தார்கள். எனக்குக் கையெழுத்து மணிமணியாக இருக்கும். அதுவே வினையாகிவிட்டது. எல்லோரும் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்க, நான் மூலையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுத்து அட்டை எழுதிக்கொண்டும் பசை காய்ச்சிக்கொண்டும் இருந்தேன். அழகாக எழுதத் தெரிந்தவளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வித்தை கடைசி வரை வரவில்லை என்று என் வீட்டுக்காரர் சாகும்வரை கேலி செய்வார்.

மைதா மாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றினால் கஞ்சி மாதிரி ஒரு மணம் வரும். அந்த மணத்துக்குத்தான் அஞ்சலை முதலில் என்னிடம் வந்தாள். பத்து வயசு இருக்கும். சூளைப் புழுதியில் தலை செம்பட்டையாகிக் கிடந்தது.

"இது துன்றதா டீச்சர்?"

"இல்லடி, சுவத்துல அட்டை ஒட்ட."

"இத்தினி மாவும் ஒட்றதுக்கா?" என்று நம்பாமல் கேட்டுவிட்டுப் போனாள்.

ஆசிரியர்களுக்குச் சொல்லிக்காட்ட ஒரு மாதிரி வகுப்பு வேண்டும். மாதிரி வகுப்புக்குப் பிள்ளைகள் வேண்டும். லீவில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் மாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள். கிடைத்தது பள்ளிக்கூடமே பார்க்காத சூளைப் பிள்ளைகள்தான். மதியச் சோறு உண்டு என்றதும் அம்மாக்கள் அனுப்பிவைத்தார்கள்.

சொல்லித்தர வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். அப்படி வருகிறவரைக் கருத்தாளர் என்போம். அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் மனுஷர் அருமையாகச் சொல்லிக்கொடுத்தார். வரும் வழியில் என்ன பார்த்தாய் என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்பார். அது சொல்வதை அப்படியே பலகையில் எழுதி, இது உன் வார்த்தை, நீயே படி என்பார். முதல் அணி முடிவதற்குள் அஞ்சலை எழுத்துக்கூட்டிப் படித்தாள். சூளையில் காயப்போட்ட பச்சைக் கல்லில் குச்சியால் எழுதிப் பார்த்து மேஸ்திரியிடம் அடி வாங்கினாள்.

அவள் அம்மாவிடம் நான் பேசினேன். மழை பிடித்தால் சூளை நின்றுவிடும், குடும்பம் மதுராந்தகம் பக்கம் போய்விடும். "மூணாங்கிளாஸ்ல சேத்துக்கினா சொல்லு டீச்சர். சேரப்பணஞ்சேரில எங்கக்கா வூடு கீது. அங்க வுட்டுட்டுப் போறேன்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளி திறக்கட்டும், நானே சேர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அதற்குள் இரண்டாவது அணி வந்தது. கருத்தாளருக்கு மறுபடியும் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் வேண்டும். அவர்களுக்கு எங்கே போவது? அஞ்சலையைக் கூப்பிட்டார். நான் பசைக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சரியா? நான் 'ப'வைக் காட்டுவேன். நீ 'ட'ன்னு சொல்லு. நெஜமா சொல்லுன்னு மறுபடி கேப்பேன். தெரியலைன்னு தலையைச் சொறி. கடைசி நாள் எல்லாத்தையும் படி."

அவள் அதையும் கற்றுக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, அற்புதமாகச் செய்தாள். முதல் நாள் அவள் விழிப்பதைப் பார்த்து ஆசிரியர்கள் உச்சுக்கொட்டினார்கள். கடைசி நாள் அவள் கடகடவென்று படித்ததும் கூடமே கைதட்டியது. கருத்தாளர் குனிந்து கும்பிட்டார். ஜூனில் கடைசி அணி வந்தபோதும் இதே கூத்து. தள்ளிப்போன அந்தக் கடைசி அணி முடிந்த மறுநாளே பள்ளி திறந்தது.

அஞ்சலைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, அம்மா கூட்டிவந்தாள். தலைமையாசிரியைக்குப் பயிற்சியெல்லாம் பிடிக்காது, லீவைக் கெடுத்ததால். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேசைமேல் கிடந்த அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். நான் எழுதிய 'ப' அட்டைதான்.

"இது என்ன எழுத்து?"

அஞ்சலை உற்றுப் பார்த்தாள். "ட-ங்க டீச்சர்."

"அஞ்சலை, நெஜமா சொல்லு" என்றேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பாளோ என்னவோ. அவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, தலையைச் சொறிந்தாள்.

"தெர்லீங்க."

"படிக்கிறவதான் டீச்சர், பயிற்சில இவதான்..." என்று நான் ஏதேதோ உளறினேன்.

"பயிற்சில எல்லாப் புள்ளையும்தாம்மா படிக்குது. வேணும்னா ஒண்ணாங்கிளாஸ்ல போடறேன்" என்று தலைமையாசிரியை அட்டையைக் கீழே போட்டார்.

"பத்து வயசுப் பொண்ணு பொடிசுங்களோட குந்திகினு இருந்தா ஊரே சிரிக்கும். நல்லா சொன்ன டீச்சர் நீ" என்று அம்மா என்னைக் கடிந்துகொண்டு, மகளின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். நான் வாசல் வரை ஓடினேன். அஞ்சலை திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கைதட்டலுக்குக் காத்திருக்கும் அதே பளபளப்பு.

"கரீட்டா செஞ்சனா டீச்சர்?"

கரெக்டாகத்தான் செய்தாய் என்று தலையாட்டினேன். அந்தப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்ல?

அந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. நான் சூளைக்குப் போனபோது ஆளில்லை. சேரப்பணஞ்சேரியில் அவள் அம்மாவின் அக்கா வீட்டில் கேட்டேன், விலாசம் யாருக்கும் தெரியவில்லை. கருத்தாளருக்கு நல்லாசிரியர் விருது கிடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நன்றாக இருக்கட்டும்.

இப்போது சூளையும் இல்லை, பள்ளியும் இல்லை. ஒன்றின்மேல் கார் உதிரிபாகக் கம்பெனி, மற்றொன்றின்மேல் ஆறுவழிச் சாலை. அந்த வழியாக பஸ்ஸில் போகும்போது, கம்பெனி வாசலில் கூட்டிப்பெருக்க வந்து நிற்கும் பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே போவேன். நாற்பது தாண்டியிருப்பாள், பார்த்தாலும் அடையாளம் தெரியாது. எந்த ஊரில் இருந்தாலும், இத்தனை வருஷத்தில் யாராவது ஒருவர் அவளைக் கேட்டிருப்பார், எழுதப் படிக்கத் தெரியுமா என்று. என்ன சொன்னாளோ.