புள்ளி வைக்காத பக்கம்

செக்கிங் வேலை பார்ப்பவளை ஒரு கம்பெனியில் யாருக்கும் பிடிக்காது. அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம் என்றால் எப்படிப் பிடிக்கும்?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு ரப்பர் புஷ் செய்து கொடுக்கும் சின்ன யூனிட் ஒன்றில் பதினோரு வருடம் நான் அந்த வேலையில் இருந்தேன். புஷ் என்பது காரின் அடியில் இரும்பும் இரும்பும் இடித்துக்கொள்ளாமல் நடுவில் நிற்கும் கறுப்பு உருளை. எலுமிச்சம்பழ அளவு இருக்கும். அச்சிலிருந்து சூடாக வரும், சில பெண்கள் கத்தரியால் அதன் பிசிறை வெட்டுவார்கள், பிறகு எங்கள் டேபிளுக்கு வரும். வெடிப்பு இருக்கிறதா, காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, நல்லதென்றால் பெயின்ட் மார்க்கரால் தலையில் ஒரு புள்ளி, கெட்டதென்றால் பக்கத்தில் ஒரு கோடு. ஆளுக்கு ஒரு நிறம். எனக்கு மஞ்சள். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் ரமணம்மாவுக்குப் பச்சை. புள்ளியும் இல்லை, கோடும் இல்லை என்றால் அது யாரும் பார்க்காத பீஸ். திரும்ப டேபிளுக்கு வந்தாக வேண்டும்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அதோடு பயந்த சுபாவம். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் தெருவில் இறங்குவேன். பிள்ளையின் மார்க்கைப் பார்த்துவிட்டு, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நின்ற அம்மாக்கள் எத்தனையோ பேர் இருப்பீர்கள். இது உங்களுக்காக.

திரும்பி வந்த பெட்டி

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த இரண்டாவது வருடம், வாங்கின கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. உள்ளே ஆறு பீஸில் வெடிப்பு. ஆறின் தலையிலும் மஞ்சள் புள்ளி. எங்கள் சூப்பர்வைசர் டில்லிபாபு அந்த ஆறையும் வரிசையாக என் முன்னால் அடுக்கி வைத்தார், பூஜைக்கு வைப்பது மாதிரி.

பெட்டியின் சீட்டைப் பார்த்தேன். ஷிஃப்டின் கடைசி மணி நேரத்தில் கட்டினது. காலையில் ஒரு பீஸை எடுத்தால் நாலு பக்கமும் திருப்புவோம். சாயங்காலம் கை தானாகத் திருப்பிக்கொண்டிருக்கும், கண் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கும். இதை அவரிடம் உள்ளபடி சொன்னேன். அவர் திட்டவில்லை. இரண்டு நாள் அந்த லாட் முழுவதையும் மறுபடி பார்க்க உட்கார வைத்தார். எழுந்து போகும்போது சொன்னார்: "கண்ணு அசந்துட்ச்சின்ற, ஒத்துக்கறேன். ஆனா புள்ளி உன்னுது அம்சா. அத்த எனுது இல்லன்னு நீ சொல்ல முடியாது பாரு."

வாட்ச்மேன் ரூம் போன்

பிளஸ் டூ ரிசல்ட் அன்று லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. செல்போன் எங்கள் டேபிளில் யாரிடமும் இல்லாத காலம். என் மகள் சங்கீதா ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு, கம்பெனி வாட்ச்மேன் ரூமுக்குப் போன் செய்வதாக ஏற்பாடு. பத்து மணியிலிருந்து நான் எந்தப் பீஸில் புள்ளி வைத்தேனோ எனக்கே தெரியாது. அதனால் பதினோரு மணிக்கு எல்லாவற்றையும் கொட்டி மறுபடி பார்த்தேன்.

போனில் அவள் ஒவ்வொரு பாடமாகச் சொன்னாள். இயற்பியல் இருநூற்றுக்கு நூற்று அறுபத்தெட்டு. உயிரியல் நூற்று எழுபத்து நாலு. வேதியியல் என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். பிறகு, நூற்று முப்பத்தொன்பது என்றாள். பிறகு அழுகைதான். பள்ளிக்கூடத்தில் வைத்த எந்தப் பரீட்சையிலும் வேதியியலில் நூற்று அறுபத்தைந்துக்குக் கீழே வாங்காத பெண். அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். அரசாங்க நர்ஸிங் பள்ளியில் இந்த மூன்று பாடத்தையும் கூட்டித்தான் இடம் கொடுப்பார்கள். பணம் கட்டிப் படிக்கிற இடத்தை நாங்கள் வெளியில் நின்று பார்க்கத்தான் முடியும். ரிசீவரை வைத்துவிட்டு மார்க்கைச் சொன்னேன். விஷயத்தைக் கேட்ட வாட்ச்மேன் சொன்னார்: "பாஸ் ஆயிட்டு அழுவுதா உன் பொண்ணு? என் புள்ள ரெண்டு சப்ஜெக்ட்ல போயிட்டு, ஊட்ல உக்காந்துக்கினு கறிக் கொழம்பு கேக்கறான்மா."

பாஸ்தானே

அந்த ஒரு வாரம் நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். பக்கத்து வீட்டில் சொன்னார்கள், பால்காரர் சொன்னார், ரோலிங் மில்லில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரும் சொன்னார். பாஸ் என்றால் எல்லாம் பாஸ்தான் என்று நினைக்கிறார்கள். நல்ல பீஸை எடுத்து, குறையுள்ளதைக் குறைந்த விலைக்குத் தள்ளும் செகண்ட்ஸ் பெட்டியில் போட்டால் அதுவும் விலைக்குத்தான் போகும். ஆனால் அது செகண்ட்ஸ் இல்லையே.

சங்கீதாவே பாதி ஒப்புக்கொண்டுவிட்டாள். நான்தான் சரியாக எழுதவில்லை போல, விடும்மா என்றாள். எனக்கு ஆத்திரம் வந்ததே அப்போதுதான். மார்க் போனது ஒரு பக்கம், எழுதினவளே தன் எழுத்தைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாளே. பணம் கட்டி விடைத்தாள் நகல் கேட்டு மனு போடலாமா, வேண்டாமா என்று டேபிளில் புலம்பிக்கொண்டிருந்தேன். ரமணம்மா தலை நிமிராமல் பச்சைப் புள்ளி வைத்துக்கொண்டே சொன்னாள்: "டப்பு போனா போவுது, கேட்டுடு அக்கா. என் பொண்ணு கணக்குல நாலு மார்க்ல போச்சி, நான் கேக்கல. பாக்கிங் வேலையில நின்னுக்கினு, ஏன் கேக்கலன்னு இன்னிக்கும் அவ என்னத்தான் கேக்கறா."

கெமிஸ்ட்ரி டீச்சர்

மனுவுக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வேண்டும். சங்கீதாவின் கெமிஸ்ட்ரி டீச்சரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷி, நாற்காலி போட்டார். நகல் வாங்குங்கள், ஆனால் மறுமதிப்பீட்டுக்குப் போனால் மார்க் குறையவும் செய்யலாம், குறைந்தால் குறைந்ததுதான் என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் பயந்தவள் என்று முன்பே சொன்னேன். பயந்தவளுக்குக் கேள்விகள் நிறைய வரும். டீச்சர், நீங்களும் பேப்பர் திருத்தப் போவீர்களா என்றேன். போவேன் என்றார். காலையில் ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு, நல்ல கோடை, தலைக்கு மேல் சுற்றாத ஃபேன். கடைசிப் பேப்பர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னார்: "சாயங்காலம் நாலு மணிக்கு மேல என் பேரு என்னன்னு கேட்டாகூட நான் யோசிச்சுதான் சொல்லுவேன் அம்சா. போட்டுடுங்க மனுவ."

திருவள்ளூர் ஜன்னல்

பெரியபாளையம் வழியாக பஸ் மாறி திருவள்ளூர் கல்வி ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மனு வாங்கும் ஜன்னல் முன்னால் முப்பது பேர் நின்றிருந்தார்கள். பாதிக்கு மேல் அம்மாக்கள். ஒருத்தரையொருத்தர் தெரியாது, ஆனால் ஐந்து நிமிடத்தில் எல்லாப் பிள்ளைகளின் மார்க்கும் எல்லோருக்கும் மனப்பாடம். எனக்கு முன்னால் பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டம்மா, மகனின் கணக்கு மார்க்குக்காக வந்திருந்தார். நாஷ்டாவுக்குக் கொண்டுவந்த இடியாப்பத்தில் எனக்கும் பங்கு கொடுத்தார்.

ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் என் பாரத்தைப் பார்த்தார், என் கம்பெனி யூனிஃபார்மைப் பார்த்தார். நீ என்ன படித்திருக்கிறாய், நகல் வந்தால் உனக்கு என்ன புரியும் என்று கேட்டார். ஏழாவது என்றேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் கை ஜன்னல் கம்பியிலிருந்து பாதி திரும்பிவிட்டது, உண்மையைச் சொல்ல வேண்டும். அப்போது பழவேற்காட்டு அம்மா என் முழங்கையைப் பிடித்து மறுபடி உள்ளே தள்ளினார்: "பேஜாரு பண்ணாத பாய், பாரத்த வாங்கு. ஏழாவது படிச்சவ பெத்த புள்ளதானே பன்னண்டாவது எழுதிச்சி."

டேபிள் மேல் பரப்பினோம்

நகல் தபாலில் வந்தது. சங்கீதா ஒவ்வொரு கேள்வியாக எடுத்து, எங்கே அரை மார்க் வெட்டினார்கள், எங்கே ஒன்று வெட்டினார்கள் என்று பார்த்தாள். வெட்டினது எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். கடைசித் தாள்வரை அவளால் பார்க்கவும் முடியவில்லை. மறுநாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு டேபிளைத் துடைத்து, தாள்களை வரிசையாகப் பரப்பினோம். எங்களில் ஒருத்திக்கும் கெமிஸ்ட்ரி தெரியாது. எங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தோம். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்தவர் கை பட்டிருக்கிறதா என்று பார்த்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு டிக், அல்லது ஒரு பெருக்கல் குறி, ஓரத்தில் ஒரு எண். முன்பக்கம், பின்பக்கம். முதல் பக்கங்களில் டிக் பெரிதாக, அழகாக இருந்தது. போகப்போகச் சின்னதாகி, வால் மட்டும் நின்றது. அந்த வாலை எனக்குத் தெரியும், அது சாயங்காலத்து வால்.

கடைசியாக, நூல் போட்டுக் கட்டின கூடுதல் தாள். இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தாள், படம்கூடப் போட்டிருந்தாள். டிக் இல்லை. பெருக்கல் குறி இல்லை. சைபர்கூட இல்லை. நான் மூன்று தடவை திருப்பினேன், பூட்டை இழுப்பது மாதிரி. ரமணம்மா கையிலிருந்த மார்க்கரை மூடி வைத்தாள். "அக்கா, புள்ளியும் இல்ல, கோடும் இல்ல. இத்த எவனும் பாக்கல."

பத்மாவின் பெட்டி

டீச்சர் அந்த இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, தலா பத்து மார்க்குள்ள இரண்டு கேள்விக்கு விடை, இரண்டும் சரி என்றார். மறுமதிப்பீட்டு மனுவை அவரே எழுதிக் கொடுத்தார். போட்டாயிற்று. பிறகு காத்திருப்பு. நர்ஸிங் பாரத்தில் பழைய மார்க்கைத்தான் எழுதிப் போட்டிருந்தோம், இடம் போய்விடுமோ என்று தினமும் தபால்காரரைத் துரத்தினேன்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், பிசிறு வெட்டும் பத்மாவின் பெட்டி என் டேபிளுக்கு வந்தது. என் வயசுக்காரி, வாய்க்காரி. மேலே எடுத்த மூன்றும் மோசம். பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்பு என்று சீட்டு எழுதி வைத்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளே வந்து நின்றாள். சண்டைக்கு வரவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. அவள் எதிரிலேயே கொட்டிப் பார்த்தேன். அந்த மூன்றைத் தவிர மற்றதெல்லாம் நல்ல பீஸ். ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து முடிக்க இருட்டிவிட்டது, கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதாயிற்று. கேட் அருகில் பத்மா சொன்னாள்: "உன் பொண்ணு பேப்பருக்கு ஊர் ஊரா அலையற. என் பெட்டி உன் எதிர்லதானே இருந்துச்சி."

 

வந்த கடிதம்

வந்த தாளில் வேதியியல் நூற்று ஐம்பத்தேழு என்று இருந்தது. பதினெட்டு மார்க். அவ்வளவுதான் கடிதம். ஒரு தாளைப் பார்க்காமல் விட்டோம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு பெண் ஒரு மாதம் தன்னையே முட்டாள் என்று நினைத்துக்கொண்டு கிடந்தாள் என்பதற்கு ஒரு வரி இல்லை. புது மார்க் ஷீட்டுக்காகத் திருவள்ளூர் போனபோது அதே ஜன்னல், அதே கிளார்க். இதைத் திருத்தினது யார் என்று கேட்டேன். அதெல்லாம் சொல்ல மாட்டார்கள் என்றார். பேப்பரில் பேர் இருக்காதா என்றேன். மார்க்தான் வந்துவிட்டதே, யாரென்று தெரிந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார்.

ஒன்றும் செய்ய மாட்டேன், அந்தக் கட்டு முழுவதையும் அவர் முன்னால் அடுக்கி, இரண்டு நாள் உட்கார்ந்து முதலிலிருந்து பார்க்கச் சொல்வேன், என் பெண்ணுடையது ஒன்றுதானா, இன்னும் எத்தனை பிள்ளைகளுடையது என்று தெரிய வேண்டாமா என்றேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மாக்கள் யாரும் இந்த முறை சிரிக்கவில்லை. கிளார்க் மார்க் ஷீட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "நல்ல வேளம்மா, நீ எங்க ஆபீஸ்ல வேலைக்கு வரல."

சங்கீதாவின் பெயர் நர்ஸிங் பள்ளியின் இரண்டாவது லிஸ்டில் வந்தது. நர்ஸாக அவள் இப்போது ஒரு ஊசி போட்டால்கூட நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம், பார்த்தீர்களா, எங்கள் வீட்டில் இரண்டு பேர் செய்த வேலைக்கு அடையாளம் வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறோம், அந்தப் பேப்பரைத் திருத்தின மூன்றாவது ஆள் மட்டும் இன்னும் எந்த நிறம் என்று தெரியவில்லை.