பாப்பாத்தி அக்கா மூடிய தண்ணீர்

செய்தி காலைப் பேருந்தில் வந்தது. பள்ளிக்குப் போக ஏறி நின்ற என்னிடம் நடத்துநர் சொன்னார்: "உங்க ஊரு தண்ணியக்கா போயிட்டாங்களாம் கண்ணு. நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியைக்கூடத் தாண்டலையாம்." அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். வழி முழுக்க மிளகுக் கொடிகளைப் பார்த்துக்கொண்டே போனேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பாப்பாத்தி அக்கா எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் ஆபரேட்டராக ஒன்பது வருடம் இருந்தார். குட்டையை ஒட்டிய கிணற்றிலிருந்து மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, காலையும் மாலையும் வால்வைத் திறந்துவிடுவது அவர் வேலை. குழாயில் சண்டை வந்தால் தீர்ப்பும் அவருடையதுதான். "குடத்துல இடிச்சுக்குங்க, வாயில இடிச்சுக்காதீங்க" என்பார்.

துக்க வீட்டுப் பந்தலில் ஒரு பெரியவர் சொன்னார்: "நல்ல பொம்பளைதான். போன வருச நோம்பிக்கு ஊருத் தண்ணிய நிறுத்துனாளே, அந்த ஒண்ணுதான் தீராத பழி." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அக்காவின் தம்பி முருகேசன் அண்ணன் எல்லாருக்கும் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்தது. அவர் அடுத்த நாற்காலியை விரித்தார். உண்மையைச் சொல்ல வேண்டியவள் நான். எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் அக்காவை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

போன வருடம் அம்மன் நோம்பித் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு குட்டையைச் சுத்தம் செய்தோமே, அது உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீரே தெரியாமல் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரே நாளில் இழுத்துப் போட்டோம். எடுத்ததை எங்கே போடுவது என்று பேச்சு வந்தபோது யாரும் தங்கள் நிலத்தில் போட விடவில்லை. "எங்க வயல்ல ஈரம் நிக்குது, ஒரு வேர் கெடந்தாலும் முளைச்சிடும்" என்றார்கள். அது நியாயமான பயம்தான். அப்போது நான் மேட்டுக் கரையைக் காட்டினேன். "இங்கேயே குவிச்சிடலாங்க. காஞ்சு நல்ல உரமாயிடும்" என்றேன். மாலையில் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள். ஒரு துண்டும் போர்த்தினார்கள்.

இரண்டு நாள் கழித்து நூலகத்தில் ஒரு புத்தகத்தில் நாலு வரி படித்தேன். மிதக்கும் செடிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் சத்துகளை உறிஞ்சி உடம்பில் சேர்த்து வைக்கின்றன. அவை செத்து ஊறினால் அந்தச் சத்தில் பெரும்பங்கு சில நாட்களிலேயே தண்ணீருக்குத் திரும்பிவிடும் என்று இருந்தது. நான் காட்டிய மேடு குட்டையின் தலைமாட்டில் இருந்தது. மழை பெய்தால் அங்கிருந்து வடியும் தண்ணீருக்குப் போக வேறு இடமே கிடையாது.

யாரிடமும் சொல்லவில்லை. முதலில் நிச்சயம் செய்துகொள்வோம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் குட்டைத் தண்ணீரைப் பிடித்து, ஒன்றில் மட்டும் வாடிய ஆகாயத்தாமரையைத் திணித்தேன். வீட்டில் வைத்தால் அம்மா கொட்டிவிடுவார். மோட்டார் ரூம் ஜன்னலில் வைத்துக்கொள்ள அக்காவிடம் கேட்டேன்.

"என்ன கண்ணு, ஊறுகா போடறியா? உப்பு பத்தாது பாரு" என்று சிரித்தார்.

நான்காம் நாள் சிரிப்பு நின்றுவிட்டது. வெறும் தண்ணீர் அப்படியே இருந்தது. செடி போட்ட பாட்டில் டீத்தண்ணீர் நிறத்துக்கு மாறி, மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்த வைத்தது. அன்றும் மறுநாளும் மழை கொட்டியது. மழை விட்ட காலையில் போய்ப் பார்த்தேன். குவியல் பாதியாக அமுங்கியிருந்தது. அதன் அடியிலிருந்து அதே டீத்தண்ணீர் கோடு கோடாகக் குட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அக்கா எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். "மீனுக்கு மூச்சு வாங்குது. ஏன்டி கண்ணு? நீ பாட்டில் வச்சப்பவே உனக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. சொல்லு."

சொன்னேன். வயலுக்குப் போடும் தழைச்சத்து, மணிச்சத்து எல்லாம் மழையில் குட்டைக்கு வந்ததையும், செடி அதைத் தின்று கொழுத்ததையும், இப்போது அழுகித் திரும்பக் கொடுப்பதையும் சொன்னேன். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் காற்றும் தீர்ந்துபோகும், அதுதான் மீன் மேலே வருகிறது என்றேன்.

"அப்ப நாம வெளிய அள்ளிப் போட்டத மழை உள்ள ஊத்திடுச்சு. கெணத்துக்கு வருமா?"

"தெரியலைங்க அக்கா. வாடை வந்தா வந்திருச்சுன்னுதான் அர்த்தம்."

அவர் கிணற்றில் வாளியை விட்டு இறைத்தார். முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். நனைந்து மூலையில் கிடந்த சாக்கின் வாடை, லேசாக. அக்கா என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"என் கண்ணப் பாத்துச் சொல்லு. பரீட்சைக்குப் படிச்சதா, நெசமா?"

"நெசங்க அக்கா."

அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. போய் வால்வை மூடினார். மறுநாள் நோம்பி தொடங்குகிறது. வீட்டுக்கு வீடு விருந்தாளி.

நோம்பி நாள் காலை ஏழு மணிக்கு மோட்டார் ரூம் முன்னால் ஊரே நின்றது. நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஏனுங்க பாப்பாத்தி, ஊட்டுல முப்பது பேர் வந்து உக்காந்திருக்காங்க. என்னத்தைக் குடிக்கறது?" என்றார் விழாக் குழுத் தலைவர்.

"கீழ் ஊத்துல நல்ல தண்ணி இருக்குதுங்க. நானே ரெண்டு நடை எடுத்துட்டு வந்து ஊத்தறேன். இது வேண்டாம்."

"இது எதுக்கு வேண்டாம்?"

"வாடை அடிக்குதுங்க."

"எங்க மூக்குக்கு ஒண்ணும் தெரியலையே!" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர், "தம்பி மைக் செட்ட வேண்டாம்னு வெளியூரு செட்ட வச்சோம்ல, அந்த வாடைதான் இது" என்றார். கூட்டம் சிரித்தது. முருகேசன் அண்ணனுக்கு அந்த வருடம் ஒலிபெருக்கி வைக்கும் வேலையைக் கொடுக்கவில்லை என்பது உண்மை. அதனால் அந்தப் பேச்சு அங்கேயே ஒட்டிக்கொண்டது.

தலைவர் குரலைத் தணித்தார். "யாரோ சொல்லிக் குடுத்துத்தான் பண்றே. யாரு சொன்னா, அதச் சொல்லிடு."

அக்கா ஒருமுறைகூட என் பக்கம் பார்க்கவில்லை. "எம் மூக்கு சொல்லுச்சுங்க" என்றார்.

அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பாட்டில்கள் இரண்டும் அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் இருந்தன. எடுத்துக் காட்டியிருக்கலாம். பேசினால் மேட்டைக் காட்டியது யார் என்ற கேள்வி வரும். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது, பிடித்துக்கொள்ளும் வயது இல்லை.

ஐந்து நாள் வால்வு திறக்கவில்லை. திட்டிக்கொண்டே எல்லாரும் கீழ் ஊற்றுக்கு நடந்தார்கள். யாருக்கும் ஒரு வயிற்றுவலிகூட வரவில்லை. வராததை யார் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்? அடுத்த வாரம் குட்டைத் தண்ணீர் சாயம் கரைத்ததுபோல் பச்சையானது. செடி கக்கிய சத்தைப் பாசி தின்றது. ஊரில் வேறு மாதிரி சொன்னார்கள்: "நோம்பித் தண்ணிய மறிச்சா, அம்மன் சும்மா இருக்குமா?" அக்காவிடமிருந்து மோட்டார் ரூம் சாவியை வாங்கிவிட்டார்கள். பேருந்து நிறுத்தம் கூட்டும் வேலைக்கு மாற்றினார்கள்.

குவியலை அகற்றியது யார் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. வேலை போன பிறகு அக்கா தினமும் விடிந்ததும் கூடை கூடையாக அதைச் சுமந்து, குட்டைக்கு வடியாத, மேட்டின் மறுபக்கப் பாறைச் சரிவில் கொட்டினார். பள்ளிக்கு முன்னால் நானும் போவேன். ஒருநாள் அழுதுகொண்டே, "நான் எல்லாருகிட்டயும் சொல்லிடறேங்க அக்கா" என்றேன்.

"சொல்லாத சாமி. பொட்டப் புள்ள ஒருக்காத் தப்புச் சொல்லிட்டான்னா, அப்புறம் எந்த மேடையிலயும் ஏத்த மாட்டாங்க. நான் என்ன, மேடையா ஏறப் போறேன்? கூடையப் புடி."

கூடையைப் பிடித்தேன். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இப்போது என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே இதை எழுதி வைக்கிறேன். மேட்டுக் கரையில் குவிக்கச் சொன்னது நான். அது தவறு என்று தெரிந்த பிறகும் ஒரு வாரம் சும்மா இருந்தது நான். அக்கா தம்பிக்காகவோ கோபத்திலோ வால்வை மூடவில்லை. நம் வீட்டுக் குழந்தைகள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடக் கூடாது என்பதற்காக மூடினார். துக்க வீட்டில் அவரைப் பழி சொன்னவர்கள், முருகேசன் அண்ணனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுங்கள். என்னைத் திட்டுவதானால் வீட்டுக்கே வாருங்கள், இருக்கிறேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். ஊரே என்னை நம்பிச் செடியை மேட்டில் குவித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் ஒருவர் என்னை நம்பிப் போய் வால்வை மூடியபோது பயமாக இருந்தது. அந்தப் பயத்தை வைத்துக்கொள்கிறேன். இனி நான் சொன்னதை நம்பி யாராவது ஒன்றைச் செய்தால், போய் அவர் பக்கத்தில் நிற்பேன். அன்று மோட்டார் ரூம் முன்னால் அவருக்கும் எனக்கும் நடுவில் பத்தடிதான் இருந்தது.