கப்பலுக்கு வெளியே நின்றவள்

அந்தப் பழைய விண்வெளித் தொடரைப் புதிதாக எடுத்து, தமிழ் பேசவும் வைத்து வெளியிட்டிருக்கிறார்கள் என்று சென்னையிலிருந்து மகள் போனில் சொன்னாள். நான் கேட்டது ஒரே கேள்வி: "அந்த வெளிய நிக்கிற பொம்பள வர்றாளா?" மகளுக்கு அந்தப் பொம்பளையைத் தெரியும். சின்ன வயதில் அவளுக்குச் சோறு ஊட்டியதே அந்தக் கதையைச் சொல்லித்தான். "பாத்துட்டுச் சொல்லும்மா, அவ என்ன ஆனான்னு எனக்கும் தெரியணும்" என்றாள்.

எனக்கே தெரியாது. அதுதான் விஷயம்.

கல்யாணமாகி மூங்கில்துறைப்பட்டுக்கு வந்த புதிதில் என் கணவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். போனஸ் பணத்தில் வாங்கிய கறுப்பு வெள்ளை டிவி ஒன்று வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இங்கிலீஷ் தொடர் வரும். பூமிக்குத் திரும்ப வழி தெரியாமல் வானத்தில் அலைகிற ஒரு கப்பல், அதற்குள் சில மனிதர்கள். கரும்பு வெட்டுகிறவர்கள், மாட்டு வண்டிக்காரர்கள் என்று தெருவே எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியாது. எட்டாவது வரைக்கும் படித்த என் கணவர்தான் எல்லாருக்கும் அர்த்தம் சொல்வார். எப்படிச் சொன்னார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மற்ற நேரமெல்லாம் எப்படியோ வந்துவிடுகிற படம், ஞாயிறு காலை மட்டும் புள்ளி புள்ளியாகக் கொட்டும். ஆண்டெனாக் கம்பம் பின்பக்கம், துவைக்கிற கல்லை ஒட்டி இருந்தது. ஒரு ஞாயிறு துணியை அலசிவிட்டு ஈரக் கையால் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பை நிமிர்த்தினேன். உள்ளேயிருந்து "தெரியுது, தெரியுது" என்று கூச்சல். கையை எடுத்தேன். "பூடுச்சு, பூடுச்சு" என்றார்கள். மாமியார் வந்து எட்டிப் பார்த்தார். "நீதானா? அப்டியே புடிச்சுக்கினு நில்லு" என்றார்.

மைத்துனர் பிடித்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துப் பார்த்தார். அவர்கள் பிடித்தால் புள்ளி இன்னும் ஜாஸ்திதான் ஆனது. எனக்குத்தான் படம் வந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அந்த வீட்டுக்கு இளைத்தவள் நான். தொடர் ஓடி முடிகிற வரைக்கும் ஞாயிறுதோறும் வெயிலில் கம்பத்தோடு கம்பமாக நின்றேன். ஒரு காட்சிகூடப் பார்த்ததில்லை.

என் கணவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு அவ்வப்போது திரும்பி எனக்கும் கதை சொல்வார். கட்டி வந்த புதிதில் எங்களுக்குள் நடந்த பேச்சு பெரும்பாலும் அந்த ஜன்னல் கம்பி வழியாகத்தான். ஒருநாள் அவர் சொன்னார்: "இன்னிக்கு ஒருத்தி புதுசா வந்துகீறா. கப்பலுக்கு வெளிய கம்பிய புடிச்சுக்கினு நிக்கிறா. அவ கைய எடுத்தா பூமியிலருந்து வர்ற பேச்சு உள்ள யாருக்கும் கேக்காதாம்."

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போனது. கேப்டன் என்ன ஆனான், கப்பல் எங்கே போனது என்பதையெல்லாம் நான் கேட்பதே இல்லை. ஒவ்வொரு வாரமும் "அவள உள்ள கூப்ட்டாங்களா?" என்று மட்டும் கேட்பேன். "அடுத்த வாரம் கூப்புடுவாங்க" என்பார். அடுத்த வாரமும் அதையேதான் சொல்வார். பிறகு தொடர் நின்றது. கேபிள் வந்தது. கம்பத்தைப் பிடுங்கி அவரைக்கொடிப் பந்தலுக்குக் கால் நட்டார்கள். அவளை உள்ளே கூப்பிட்டார்களா இல்லையா என்பது தெரியாமலே போய்விட்டது.

நான் பிறகு படித்து டீச்சர் ஆனேன். இப்போது வேலை கல்வராயன் மலையில். கள்ளக்குறிச்சி வீட்டிலிருந்து வெள்ளிமலை பஸ்ஸில் தினமும் ஏறி இறங்குகிறேன். மலை ஏறினால் சிக்னல் போய்விடும் என்பதால், புதுத் தொடரை வீட்டிலேயே செல்லில் இறக்கிக்கொண்டு பஸ்ஸில் பார்த்தேன்.

வயிற்றெரிச்சல்தான் மிச்சம். முதலில் படமே தெரியவில்லை. எல்லாக் காட்சியும் இருட்டு. வானத்தில் வெளிச்சம் இருக்காது என்பது சரி, சாப்பிடுகிற அறையிலுமா விளக்கு போட மாட்டார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் செல்லை எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர், செல்லு ரிப்பேரா?" என்று கேட்டார். தமிழோ, சின்னப் பையன் முதற்கொண்டு எல்லாரும் செய்தி வாசிக்கிற தமிழ். இந்தத் தடவை கேப்டன் ஒரு பெண். நல்லதுதான் என்று பார்த்தால், அவள் பாகத்துக்குப் பாகம் உட்கார்ந்து அப்பாவை நினைத்து அழுகிறாள். கப்பல் எரிந்துகொண்டிருக்கிறது, இவள் அழுது முடிக்கட்டும் என்று நெருப்பும் காத்திருக்கிறது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். கப்பலின் கதவு திறக்கும்போதெல்லாம் செல்லைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோவேன். வெளியே யாரும் இல்லை. பொம்பளைக்கு மரியாதை என்று ஒருத்தியைக் கேப்டன் நாற்காலியில் உட்கார வைத்தவர்கள், வெளியே நின்று கை வலித்தவளைச் சுத்தமாகக் கழற்றிவிட்டார்கள். அப்படித்தான் நினைத்தேன். மகளுக்குப் போன் போட்டு, தொடரை எடுத்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கதையின் உயிரையே எடுத்துவிட்டு என்ன மண்ணுக்குத் திரும்ப எடுத்தான் என்று கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். குரல் தயங்கியது. "அம்மா, பழைய தொடர் முழுசும் நெட்ல இருக்கு. நான் பாத்துட்டேன். அதுலயும் அவ இல்லம்மா."

நான் நம்பவில்லை. லீவு நாளில் உட்கார்ந்து நானே பார்த்தேன். கறுப்பு வெள்ளைக் கப்பல், அட்டையில் செய்த கதவு, கேப்டன் எல்லாம் இருந்தது. அவள் இல்லை. அந்தக் கப்பலில் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு கம்பிகூட இல்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு எங்கே போயிருந்தது புத்தி.

அன்று சாயங்காலம் என் கணவர், ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கூடத்தில் பெரிய டிவியில் புதுத் தொடரின் கடைசிப் பாகத்தைப் பார்த்தபடி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கதையில அப்படி ஒருத்தியே இல்லியாமே" என்றேன்.

"எவ?"

"வெளிய நின்னவ."

கொஞ்சம் யோசித்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "அவளா? நான்தான் சொன்னேன். நீ கை நோவுது, வுட்டுட்டு வந்துடறேன்னு சொன்ன. தெருவே வூட்டுக்குள்ள உக்காந்துகினு இருக்கு. நான் இன்னா பண்றது?"

"இத்தன வருஷமா சொல்லவே இல்லியே."

"நீ கேக்கவே இல்லியே."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. பெற்ற பெண்ணுக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டியிருக்கிறேன் அந்தப் பொய்யை. ஆனாலும் பாழாய்ப்போன மனசு, கேட்க நினைத்தது அதை இல்லை. "சரி, அவ உங்க கதைதான. நீங்களே சொல்லுங்க. கடைசியில அவள உள்ள கூப்ட்டாங்களா, இல்லியா?"

அவர் கண்ணை டிவியிலிருந்து எடுக்கவில்லை. கிண்டலும் செய்யவில்லை. நியாயத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"அவள எப்டி உள்ள கூப்புடறது? அவ உள்ள வந்துட்டா படம் பூடுமே."

நான் எழுந்து போய் டிவியின் ப்ளக்கைப் பிடுங்கினேன். அவர் இன்னொரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடியே இருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் கேட்டார்.

"இன்னா, கரண்டு பூடுச்சா?"