பிரேக் இல்லாத நீல சைக்கிள்

ஊரில் அவரை எல்லோரும் ‘ஸ்போக்கு’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளும் அப்படித்தான், ஒல்லி, ஆனால் லேசில் வளையமாட்டார். ரயிலடிக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை, இருபத்தாறு வருஷமாக. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒரு நாள் வயல்வெளியைச் சுற்றிப் பார்க்க அவரிடம்தான் வண்டி எடுப்பார்கள். தான் ஓட்டிப் பார்க்காத வண்டியை வெளியே விட்டதே இல்லை என்ற பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அன்று காலை எட்டு மணிக்கு ஒரு தம்பதி வந்தார்கள். ஓய்வு பெற்ற சர்வேயர், பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்த அவர் மனைவி. வேலையில் இருந்தவரை தள்ளித் தள்ளிப் போட்ட பயணம். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பி ஏழு மாதம் ஆகிவிட்டது, இன்னும் ஐந்து நாடு பாக்கி என்று டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“கால்வாய்க் கரையிலயே போங்கம்மா. பழத்தோட்டம் தாண்டினா ஆத்துக்கு ஒரு பெரிய இறக்கம் வரும். அங்க பெடலே மிதிக்க வேணாம். காலைத் தூக்கிட்டு சும்மா விடுங்க, காத்து மாதிரி போகும்” என்றார் ஸ்போக்கு.

அப்போதுதான் போன் அடித்தது. மகள். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள். என் மூஞ்சியில முழிக்காதே என்று கத்தியவர் இவர்தான். பதினோரு மாதம் கழித்து, “அப்பா, நல்லா இருக்கீங்களா?” என்று அந்தக் குரல் கேட்டதும் அவருக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே சுவரோரம் நின்ற இரண்டு வண்டிகளைத் தள்ளிவந்து கொடுத்து, கையை ஆட்டி அனுப்பிவைத்தார்.

“ஞாயித்துக்கிழமை வரேங்கறா” என்று மனைவியிடம் சொன்னபோது அவர் முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு வேலைக்கு உட்கார்ந்தார். முந்தின நாள் சாயங்காலம் ஒரு நீல சைக்கிளின் பின் பிரேக் கட்டைகளைக் கழற்றி வைத்திருந்தார். அதன் முன் பிரேக் ஒயரும் பிரிந்து, இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் முதல் வேலையாக அதைச் சரிசெய்வதாக இருந்தார். சுவரோரம் இருந்த நீல சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தால், பிரேக் எல்லாம் கெட்டியாக இருந்தது. இது நல்ல வண்டி. காலையில் டீச்சருக்குத் தள்ளிக் கொடுத்ததும் ஒரு நீல வண்டிதான்.

எழுந்து வாசலுக்கு ஓடி, கால்வாய்ப் பக்கம் பார்த்தார்.

“என்னங்க, என்ன ஆச்சு?”

“பிரேக் இல்லாத வண்டியை அந்தம்மாகிட்ட கொடுத்துட்டேன்.”

“போன் பண்ணுங்க.”

“யாருக்குப் பண்றது? அவங்க நம்பர் யாருக்குத் தெரியும்? கரை மேல வேற வண்டியும் போகாது.”

“உங்க முட்டி தாங்காதே.”

அவர் அதற்குள் அந்த நல்ல வண்டியை நிமிர்த்தி ஏறிக் கிளம்பியிருந்தார்.

சமதளத்தில் ஒன்றும் ஆகாது, அந்த இரண்டு இழை தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிதித்தார். இறக்கத்தில் முழு பலத்தோடு பிடித்தால்தான் அறுந்துவிடும். மூன்றாவது மைலிலேயே வலது முட்டி தீயாக எரிந்தது. கையால் தொடையை அழுத்தி அழுத்தி மிதித்தார்.

மதகு பார்க்கிறவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “ரெண்டு பேரா? போய் ஒரு மணி நேரம் இருக்கும். அந்தம்மா பாடிக்கிட்டே போச்சு” என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஸ்போக்குக்குத் தோன்றியது.

பழத்தோட்டத்தில் ஏணிமேல் நின்ற பெண், “இங்கதான் நிழல்ல உக்காந்து சாப்பிட்டாங்க. இப்பதான் எழுந்து போனாங்க” என்றாள். அவருக்கு உயிர் வந்தது. நின்றுகொண்டே மிதித்தார். மேட்டில் ஏறியபோது கீழே பாதை முழுவதும் தெரிந்தது. சர்வேயர் இறக்கத்தில் பாதி போயிருந்தார். டீச்சர் அப்போதுதான் புறப்பட்டார்.

“அம்மா, நில்லுங்க!”

எதிர்காற்று. அவர் குரல் அவர் காதுக்கே கேட்கவில்லை. சொல்லிக் கொடுத்தபடியே டீச்சர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். வண்டி வேகமெடுத்தது. வளைவுக்கு முன்னால் கால்கள் கீழே இறங்கித் தரையைத் தேய்த்தன. பிறகு கற்குவியலில் மோதிய சத்தம் மட்டும் மேலே வரைக்கும் வந்தது.

அவர் போய்ச் சேர்ந்தபோது டீச்சருக்கு நினைவு இருந்தது. வலது தொடை கோணிக் கிடந்தது. சர்வேயர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அது ஆற்றோர ரோடு சுற்றி வர நாற்பது நிமிஷம் ஆகும். ஸ்போக்கு சட்டையைக் கழற்றி டீச்சரின் முகத்துக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டார்.

“நான்தான் பயந்துபோய் தப்பா பிடிச்சிட்டேன்” என்று டீச்சர் கணவரிடம் முனகினார். “உங்க பயணத்தையும் கெடுத்துட்டேன். இந்த வயசுல எனக்கு இதெல்லாம் தேவையா?”

சைக்கிளை இன்னும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்போக்கு பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் டீச்சர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

“தப்பு உங்க மேல இல்லம்மா. அந்த வண்டியில பிரேக்கே கிடையாது. ரிப்பேருக்கு நிறுத்தினதை நான்தான் மாத்திக் கொடுத்துட்டேன்.”

சர்வேயர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். “தெரிஞ்சே கொடுத்தியா?”

“தெரியாமத்தான். ஆனா பாத்திருக்கணும்.”

ஓங்கின கை அப்படியே நின்றது. சர்வேயர் மறுபடி மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதார்.

தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பிளேட் வைத்தார்கள். இருபத்திமூன்று நாள் ஆஸ்பத்திரி. ஸ்போக்கு தினமும் போய் வார்டு வாசலில் நின்றார், சர்வேயர் உள்ளே விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார். வீடு திரும்பியபோது அவள் பஸ் ஏறியிருந்தாள்.

ஊருக்குத் திரும்பும் நாளன்று டீச்சரே அவரை உள்ளே கூப்பிட்டார். பக்கத்தில் ஊன்றுகோல் இருந்தது.

“எனக்கு உங்களை மன்னிக்கத் தோணல” என்றார். “படுத்தா இன்னும் அந்த இறக்கம்தான் கண்ணுக்குள்ள வருது. ஆனா நீங்க சொல்லாம விட்டிருந்தா, எல்லாம் என்னாலதான்னு நினைச்சுக்கிட்டே செத்திருப்பேன். அதைச் சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்.”

ஸ்போக்கு கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு வெளியே வந்தார்.

கடையை மறுபடி திறந்தார். யாராவது வந்தால் பஞ்சர் ஒட்டுவார், செயின் மாட்டுவார். வாடகைக்கு மட்டும் அதன்பிறகு அவர் ஒரு வண்டியும் விட்டதில்லை.