திரைக்குப் பின்னால் எரிந்த அடுப்பு

அத்தான் அந்தப் பழைய காம்பிங் காரை வாங்கிவந்து, பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நிறுத்தியபோது கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்துச் சிரித்தார்கள். கட்டில், சமைக்கக் குசினி, கழிவறை எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. "என்ன அண்ணை, வீட்டுக்குச் சில்லுப் பூட்டிட்டியளோ?" என்று ஒருவர் கேட்டார். அத்தானும் சேர்ந்து சிரித்தார்.

அத்தான் என் அக்காவின் கணவர். 2009க்குப் பிறகு இருவரும் வன்னியிலிருந்து வந்தார்கள். அவர் உணவகமொன்றில் சமையல். அக்கா ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கினாள். பிள்ளைகள் இல்லை. சொந்தக்காரர் ஜெர்மனி, சுவிஸ் என்று சிதறிக் கிடந்தார்கள். கலியாணம், சாமத்தியச் சடங்கு என்று போனால் எல்லார் வீட்டிலும் படுக்க இட நெருக்கடி. "எங்கட கட்டிலை நாங்களே கொண்டு போவம்" என்பது அத்தானின் யோசனை.

முதற் பயணமே மாரிக் குளிரில் வந்தது. ஜெர்மனியில் ஒரு கலியாணம். நன்றாக விடிந்த பிறகுதான் புறப்பட்டோம். டெலிவரி வான் ஓட்டிப் பழகிய என் கணவர் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். அக்காவும் அத்தானும் பின்னால், மேசையோடு சேர்ந்த இருக்கைகளில் பெல்ட் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

முன்னால் இருந்த எங்களுக்கு எஞ்சினின் சூடு காலில் வந்து அடித்தது. நான் கோட்டைக் கழற்றிவிட்டேன். அந்தச் சூடு பின்பக்கம் போய்ச் சேரவேயில்லை. வண்டிக்கென்று தனியாக ஒரு ஹீட்டர் இருந்தது, ஆனால் அது வேலை செய்யாது என்று விற்றவரே சொல்லியிருந்தார்.

"இஞ்சை மூச்சு விட்டாப் புகை போகுதடி" என்றாள் அக்கா. கலியாணத்துக்குக் கொண்டுபோன சால்வைகளையும் போர்வைகளையும் சுற்றிக்கொண்டாள். சுடுதண்ணீர்ப் பையை மடியில் வைத்தாள். அதுவும் ஆறிப்போனது. வண்டி வேகமெடுக்கும்போதெல்லாம் எங்கிருந்தோ ஊசிபோலக் காற்று வந்தது.

வழியில் ஓய்விடம் ஒன்றில் நிறுத்தியபோது அத்தான் அந்தக் காற்றின் மூலத்தைக் கண்டுபிடித்தார். குசினிக்குக் கீழே தரையில் ஒரு துவாரம், கூரையில் இன்னொன்று. இரண்டுக்குள்ளும் குளிக்கக் கொண்டுவந்த துவாய்களைத் திணித்தார். "எல்லா ஓட்டையும் அடைச்சாச்சு. இனிக் குளிர் வராது" என்று கையைத் தட்டினார். வண்டி செய்தவன் எதற்காக அங்கே ஓட்டை வைத்தான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு அத்தான் காஸ் அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணி போட்டார். அக்கா எனக்கும் கணவருக்கும் நீட்டினாள். வண்டி புறப்பட்டது. ஓட்டுநர் பகுதிக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு தடித்த திரை இருந்தது. "சூடு முன்னுக்கு ஓடிப்போடும்" என்று சொல்லி அக்கா அதை இழுத்து மூடினாள். எந்தச் சூடு என்று நான் கேட்கவில்லை. தேத்தண்ணிச் சூட்டைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுப்பை அவர்கள் அணைக்கவேயில்லை.

கொஞ்ச நேரம் அக்காவின் பேச்சுக் கேட்டது. மணப்பெண்ணுக்கு எடுத்த சேலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தாள். பிறகு பேச்சு நின்றுவிட்டது. நித்திரையாக்கும் என்று நானும் கணவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். பனி மூடிய வயல்களைப் பார்த்தபடி வந்தேன்.

பின்னால் ஏதோ விழுந்து உருண்டது.

"அக்கா, என்ன விழுந்தது?"

"கதவைத் திறந்து விடடி" என்றாள் அக்கா. "அம்மா வெளியில நிக்கிறா."

அம்மா வன்னியிலேயே இறந்துவிட்டார். கனவு காண்கிறாள் என்று சிரிக்க வாயெடுத்தேன். ஆனால் அவள் மறுபடியும் ஏதோ சொன்னாள். வாய் நிறையச் சோறு வைத்துக்கொண்டு பேசுகிற குரல். திரையை இழுத்தேன்.

வெப்பம் முகத்தில் அடித்தது. அடுப்பில் சுவாலை மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அத்தான் மேசையில் கவிழ்ந்து கிடந்தார். அக்காவின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவை என்னைப் பார்க்கவில்லை.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!"

கணவர் தெருவோரத்தில் ஒதுக்கி நிறுத்தினார். கதவைத் திறந்து, அடுப்பை அணைத்து, அக்காவை இருவருமாக வெளியே இழுத்தோம். அவள் கால்கள் துணிபோல மடிந்தன. அத்தானை இறக்கியபோது அவர் மூச்சு விடுகிறாரா என்று தெரியாமல் என் கன்னத்தை அவர் மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது.

கணவர் போனில் அழைக்க, தீயணைப்புப் படையினர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் வண்டிக்குள் கால் வைத்ததும், அவர் நெஞ்சில் மாட்டியிருந்த சிறிய கருவி வீரிட்டுக் கத்தத் தொடங்கியது. கதவு திறந்து இவ்வளவு நேரமாகியும் கத்தியது. உள்ளே புகையில்லை, மணமில்லை, கண்ணில் படுகிற எதுவுமில்லை. அவர் தரைத் துவாரத்திலிருந்து துவாயை உருவி எடுத்து எங்களிடம் காட்டினார். "காற்று வரும் வழியை அடைத்தால் அடுப்பு நச்சுவாயுவைக் கக்கும். இதைச் செய்தது யார்?" என்று பிரெஞ்சில் கேட்டார். அத்தான் ஒட்சிசன் முகமூடிக்குள் கண்மூடிக் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் நினைவு திரும்பியது. டாக்டர் கேட்டதையெல்லாம் நான் மொழிபெயர்த்தேன். அக்கா கர்ப்பமாக இருக்கிறாளா என்று அவர் கேட்டபோது அவளிடம் கேட்காமல் நானே இல்லையென்றேன். நாற்பது தாண்டிய அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

இரத்தப் பரிசோதனை முடிந்து டாக்டர் திரும்பி வந்தார். அவர் சொன்னதை இரண்டு தரம் சொல்லச் சொன்னேன்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"அக்கா, வயித்தில பிள்ளை இருக்காம்."

நான் பகிடிக்குப் பொய் சொல்கிறேன் என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் கை மெல்ல வயிற்றுக்குப் போனது. "அப்ப, அந்தக் காத்தை அதுவும் குடிச்சிருக்குமே?"

உடனேயே அவளை இரும்பு உருளை போன்ற அறைக்குள் கொண்டுபோய், உயர் அழுத்தத்தில் ஒட்சிசன் கொடுத்தார்கள். பிள்ளைக்காகத்தான் இது என்று டாக்டர் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் எழுந்து இருந்த அத்தான் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "வன்னியில வந்து விழுந்த செல்லுக்குள்ளால இவளைக் கூட்டிக்கொண்டு வந்தனான். ஒரு தேத்தண்ணி அடுப்பில..." முடிக்காமல் அழுதார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஸ்கானுக்கும் மூவராகப் போனோம். பிள்ளையின் இதயம் துடிக்கிறது என்று கேட்ட பிறகும் அக்கா நம்பவில்லை. "மூளை? மூளைக்கு ஒண்டுமில்லையோ எண்டு கேளடி" என்பாள். மகள் பிறந்து, பார்த்து, சிரித்து, தவழ்ந்து, ஒவ்வொன்றாகச் செய்துகாட்டிய பிறகுதான் அந்தக் கேள்வி நின்றது. இப்போது அந்த மகள் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் எதிர்ப்பேச்சுப் பேசுகிறாள்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே காம்பிங் காரை விற்கப் போவதாக அத்தான் சொன்னார். அக்கா விடவில்லை. நகரத்துக்கு வெளியே பொண்டி என்ற ஊரில் இருந்த ஒரு மெக்கானிக் எங்கள் கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். ஓடுகிற வண்டிக்கு நெருப்பே தேவையில்லை என்றார். எஞ்சினைச் சுற்றி ஓடும் சுடுதண்ணீரைக் குழாயில் பின்னுக்குக் கொண்டுவந்து, இருக்கைக்குக் கீழே ஒரு சிறிய ரேடியேட்டரும் விசிறியும் பூட்டினார். புறப்படுமுன் காஸ் சிலிண்டரை மூடவேண்டும், துவாரங்களில் கைவைக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நச்சுவாயுவுக்குக் கத்தும் கருவியொன்றையும் சுவரில் பொருத்தித் தந்தார்.

அதற்குப் பிந்திய முதற் பயணத்தில் நானும் அக்காவோடு பின்னால் இருந்தேன். இருக்கைக்குக் கீழிருந்து இதமான காற்று வந்தது. குழந்தை நித்திரை. அன்று எப்படி இருந்தது, நொந்ததா என்று அப்போதுதான் அவளிடம் கேட்டேன்.

"முதல் கொஞ்சம் தலையிடிச்சது. பிறகு ஒண்டுமில்லை. நல்ல சுகமா இருந்ததடி" என்றாள்.

நான் தலையைத் திருப்பி, சுவரில் இருந்த கருவியின் சிறு விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். அவள் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.