அத்தையின் வலது கை

அத்தைக்குக் கை விழுந்துபோனதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எல்லாம் குப்பை. நான் கூடவே இருந்தவன்.

அத்தை அப்பாவின் தங்கை. குனோங் ராபாட்டில் எங்களுக்கு அடுத்த வீடு. இரவு வேலை முடிந்த மாமாவைக் காலையில் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருவது அத்தைதான். ஒருநாள் மழையில் வண்டி சறுக்கிவிட்டது. பின்னால் தூங்கி வழிந்துகொண்டிருந்த மாமாவுக்குக் கால் உடைந்தது. அத்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாமா ஊன்றுகோலோடு வீடு திரும்பிய வாரம், அத்தையின் வலது கை துவண்டு தொங்கிவிட்டது. மோட்டாரை முறுக்கும் கை.

எலும்பு, நரம்பு எல்லாம் சரியாக இருக்கிறது, மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அப்பா கொதித்தார்.

"தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரிக்கா? எங்க குடும்பத்துல எவனும் பைத்தியம் இல்லலா!"

எலுமிச்சம்பழம் அறுத்தார். மந்திரித்த கயிறு கட்டினார். ஒரு மண்ணும் நடக்கவில்லை.

ஒரு சாயங்காலம் ஈரத்தரையில் மாமாவின் ஊன்றுகோல் வழுக்கியது. அத்தையின் வலது கை பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தது. மாமா மெல்லத் தரையில் உட்கார்ந்தார். கை மறுபடி தொங்கிவிட்டது.

"இத்தன நாளா நடிச்சியா நீ?" அப்பா கத்தினார்.

அத்தை அந்தக் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தாள்.

"நடிப்பா? அவ மூஞ்சியப் பாருங்க மச்சான்," என்றார் மாமா. "என் காலுக்கு டாக்டர்கிட்ட போனோம். அவ கைக்கும் போலாம்."

"ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஊரா வந்து எனக்குக் கோப்பி கலக்குது?"

அத்தை அன்றுதான் முதல்முறையாக அழுதாள். "நான்தாங்க வேகமா முறுக்குனேன்."

"தெரியும். பின்னால நான்தான உக்காந்திருந்தேன்."

போனார்கள். மாதக்கணக்கில் போனார்கள். டாக்டர் அத்தையைப் பேசவைத்தார், விரல்களை அசைக்கவைத்தார். முதலில் கரண்டி பிடித்தாள், பிறகு துடைப்பம். மாமாவும் ஊன்றுகோலை விட்டார். ஒருநாள் மோட்டார் சாவியை அத்தையின் உள்ளங்கையில் வைத்தார்.

"சந்தைக்கு ஏத்திட்டுப் போ."

"வேணாங்க. மறுபடியும் விழுந்தா?"

"எந்திரிக்கலாம்லா. ஏறு."

வண்டி ஊர்ந்தது. நான் கூடவே ஓடினேன். "அத்தை, பூனை முந்துது!" அத்தை சிரித்துக்கொண்டே முறுக்கினாள்.

பின்னால் மாமா, நெற்றியெல்லாம் வியர்த்து, அவள் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடியிருந்தார். இந்த மனிதருக்குப் பட்டப்பகலில் அப்படி என்ன தூக்கம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.